பத்தியம் இருந்துவிட்டு லேபுக்கு வராதீர்கள்

“சாப்பிடுறது எதுவும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதும்மா. அதுக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும்?”

ரங்கூனில் நம்மவர்கள் மத்தியில் லேபில் வேலை பார்க்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டால், கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, பதினாறாம் நாள் காரியமானாலும் சரி, இந்தக் கேள்வி தப்பாமல் வந்து சேரும். கேட்கிறவர் ஒரே ஒரு டெஸ்டின் பெயரை எதிர்பார்க்கிறார். சர்க்கரைக்கு ஒன்று இருக்கிறது, டெங்குவுக்கு ஒன்று இருக்கிறது, இதற்கும் ஏதாவது இருக்கும், காலையில் ரத்தம் கொடுத்தால் சாயந்திரம் ரிப்போர்ட் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. இருப்பவை பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். அதிலும் முக்கியமானவை பலவும் சாப்பாட்டை நம்பி நிற்பவை. நேற்று என்ன சாப்பிட்டார், போன மாதம் எதை நிறுத்தினார் என்பதைப் பொறுத்து ரிப்போர்ட்டே மாறிவிடும். நமக்கோ வயிறு சரியில்லை என்றால் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். எண்ணெயை நிறுத்து, பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, ரசம் சாதம் போதும். வயிற்றுக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தியத்தோடு லேபுக்கு வந்தால் நோய் நன்றாக ஒளிந்துகொள்ளும். என் சின்னம்மா விஷயத்தில் நடந்தது அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. மைக்ராஸ்கோப்பும் சாம்பிள் டப்பாவுமாகக் காலம் தள்ளியவள். எந்த டெஸ்ட் யாருக்கு என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. அந்த டெஸ்ட் எப்படிக் கெட்டுப்போகும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாடு எப்படி உள்ளே போகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் நம் தாத்தாக்கள் மூட்டை தூக்கிய ரங்கூன் துறைமுகம்தான் எனக்கு ஞாபகம் வரும். கப்பல் சரக்கைப் பிரித்து இறக்குகிறவர்கள் ஒரு கூட்டம். அதைக் கிட்டங்கிக்குள் சுமந்து போகிறவர்கள் இன்னொரு கூட்டம். நடுவில் நின்று மூட்டையில் ஓட்டை போடுகிறவர்கள் மூன்றாவது கூட்டம். கிட்டங்கியில் சரக்கு குறைந்தால் இவர்களில் யார் மேல் கோளாறு என்று பார்க்க வேண்டும். உடம்பில் பிரிக்கிற வேலை கணையத்துக்கும் பித்தநீருக்கும். உள்ளே எடுத்துக்கொள்கிற வேலை சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகளுக்கு. நடுவில் பிடுங்கித் தின்பவை, இருக்கக் கூடாத இடத்தில் பெருகிவிட்ட பாக்டீரியாவும், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணிகளும், புழுக்களும்.

எல்லாச் சத்தும் ஒரே இடத்தில் ஏறுவதும் இல்லை. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில், இரைப்பையைத் தாண்டியவுடன் ஏறும். ஃபோலிக் ஆசிடும் மேல்பகுதியில்தான். பி12 மட்டும் இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, சிறுகுடலின் கடைசி முனை வரை போய்த்தான் உள்ளே நுழையும். அதனால் எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்பதே எந்த இடத்தில் கோளாறு என்று பாதி சொல்லிவிடும். நல்ல டாக்டர்கள் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிப்பது இதனால்தான். ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட்தான்), பி12, ஆல்புமின் என்ற புரதம், கால்சியம், எலும்பைப் பற்றிச் சொல்லும் அல்கலைன் பாஸ்ஃபடேஸ், ரத்தம் உறையும் நேரம். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று பலர் கேட்பார்கள். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். அது கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். கொழுப்பு ஏறாதவருக்கு அந்த நேரம் நீண்டுபோகும். கூடவே சர்க்கரை, தைராய்டு, எச்ஐவி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மெலிந்துபோகிற எல்லோருக்கும் குடலில்தான் கோளாறு என்று இல்லை.

இதில் லேப்காரர்கள் மட்டும் ரசிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும். பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் பெருத்துவிடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்? மெஷின் சராசரி எடுத்து, அணுவின் அளவு சரியாக இருக்கிறது என்று எழுதித் தள்ளிவிடும். ஹீமோகுளோபின் 8, அணுவின் அளவு நார்மல். இதைப் பார்த்துவிட்டு வெறும் சோகை என்று இரும்பு மாத்திரை எழுதுகிறவர்கள் உண்டு. ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிறிசும் பெரிசுமாகக் கலந்து கிடப்பது கண்ணுக்கே தெரியும். மெஷினும் ஆர்டிடபிள்யூ என்ற எண்ணில் அதை ஒப்புக்கொள்ளும், அந்த வரியை யாராவது படித்தால்.

இன்னொன்று. ஃபோலேட் கையிருப்பு உடம்பில் சில மாதங்களுக்குத்தான் வரும். பி12 ஈரலில் சில வருஷங்களுக்கு இருக்கும். ஆகவே குடல் கெட்ட புதிதில் ஃபோலேட் விழும், பி12 நிமிர்ந்து நிற்கும். பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் ஏறியிருந்தால் அது வேறு கதை. குடலில் பெருகிய பாக்டீரியா பி12ஐத் தின்றுவிட்டு ஃபோலேட்டைத் தயாரித்துக் கொடுக்கிறது என்ற சந்தேகம் வரும். ஆனால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கும் பி12 தானாகவே குறையலாம். அவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, சின்னம்மா. பெகு பக்கம் இருக்கிறார். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு ஆரம்பித்த பேதி நிற்கவில்லை. நாக்கு சிவந்து புண்ணாகி, குழம்பில் காரம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்தவருக்குக் கால் மட்டும் வீங்கியது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகள் ஒரு பக்கம், வேப்பிலை மந்திரிப்பு ஒரு பக்கம். பெரியம்மா வந்து பத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் ரசம் சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி, சுட்ட அப்பளம். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. பேதி கொஞ்சம் குறைந்தது, உடம்பு தேறவில்லை. அந்த நிலையில்தான் ரங்கூனுக்கு அழைத்து வந்தார்கள்.

முதல் மலப் பரிசோதனையில் கொழுப்பு இல்லை என்று வந்தது. அதைச் செய்தது வேறொரு லேப். அவர்கள் செய்ததில் குறை எதுவும் இல்லை. ஸ்லைடில் கொஞ்சம் மலத்தைக் குழைத்து, அசிடிக் ஆசிட் விட்டுச் சூடு காட்டி, சூடான் என்ற சாயத்தைச் சேர்ப்போம். கொழுப்பு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் உருண்டை உருண்டையாக மிதக்கும். நிறைய இருந்தால் ஸ்லைடு முழுக்கப் பொட்டு வைத்த மாதிரி தெரியும். ஆனால் கொழுப்பே சாப்பிடாதவர் மலத்தில் கொழுப்பைத் தேடி என்ன பயன்? சின்னம்மாவுக்குப் பார்த்த டாக்டர் ஒரு பர்மிய அம்மா, இங்கே கூப்பிடுகிற மாதிரி சொன்னால் சயாமா. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டார். நன்றாக எண்ணெய் ஊற்றிச் சமைத்துச் சில நாள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, வயித்தால போறவளை எண்ணெய் குடிக்கச் சொல்றாங்களே, இந்தச் சயாமாவுக்கு நல்ல புத்திதானா?”

“சின்னம்மா, நீங்க சாப்பிட்டாத்தான் அது போகுதா தங்குதான்னு எங்களுக்குத் தெரியும்.”

“போகும், போகும். நானே சொல்றேன், எழுதிக்கோ.”

உண்மையில் இந்தப் பரிசோதனையின் முழு வடிவம் இன்னும் கடுமையானது. தினம் 100 கிராம் கொழுப்பு வரும்படி சாப்பிட வேண்டும். சில நாள் அப்படிச் சாப்பிட்ட பிறகு, தொடர்ந்து 72 மணி நேரத்துக்குப் போகிற மலம் அத்தனையையும் ஒரு டின்னில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அதைக் கலக்கி, எடை போட்டு, கொழுப்பைப் பிரித்தெடுத்து அளப்பார்கள். ஒரு நாளைக்கு 7 கிராமுக்குள் இருந்தால் நார்மல். 100 கிராம் கொழுப்பு என்றால் தமிழ்நாட்டு உறவுக்காரர்கள் மிரண்டுபோவார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். பர்மாவில் குழம்பு வெந்து எண்ணெய் மேலே பிரிந்து நிற்க வேண்டும் என்பது சமையல் இலக்கணம். அதோடு ஒரு தட்டு லப்பெட் தோ, எள்ளும் வறுத்த பருப்பும் கடலை எண்ணெயும் சேர்ந்த தேயிலைக் கலவை. இங்கே 100 கிராமை எட்டுவது பெரிய காரியம் இல்லை.

பெரிய காரியம் அந்த டின்தான். வீட்டில் எங்கே வைப்பது, ரங்கூன் கரண்ட் இருக்கிற லட்சணத்தில் எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது, பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது? லேபில் எங்களுக்குள்ளேயே அதை யார் திறப்பது என்று ஜாடை ஓடும். ஒரு வேளையை விட்டுவிட்டால் கணக்கே போச்சு. இதனால் உலகம் முழுக்கவே இந்தப் பரிசோதனை அருகிவிட்டது. சூடான் சாயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லேசான கொழுப்பிழப்பு அதில் தப்பிவிடும், கடுமையானது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், ஆள் எண்ணெய் சாப்பிட்டிருந்தால். சின்னம்மா சாப்பிட்டார், புலம்பிக்கொண்டே. இரண்டாவது ஸ்லைடை நானே பார்த்தேன். பார்க்கிற இடமெல்லாம் ஆரஞ்சு.

ஆக, கொழுப்பு வீணாகிறது. ஏன் என்பது அடுத்தது. கணையமா, சுவரா?

கணையத்துக்கு இப்போது, அது சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற என்சைமை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. சின்ன டப்பாவில் கொஞ்சம் மலம் போதும், பத்தியமும் வேண்டாம், தனி உணவும் வேண்டாம். ஒரு கிராமில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கணையம் பெரும்பாலும் சரி, 100க்குக் கீழே போனால் நன்றாகவே பழுது. இதிலும் ஒரு பொறி உண்டு. தண்ணீராகப் போகும் மலத்தைக் கொடுத்தால் எலாஸ்டேஸ் நீர்த்துப்போய், நல்ல கணையம் உள்ளவருக்கும் குறைவாக வரும். கொஞ்சமாவது கெட்டியான சாம்பிள் வேண்டும். கணைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையில் இருப்பது பன்றியின் என்சைம், பொதுவாகச் செய்யும் பரிசோதனை மனித எலாஸ்டேஸை மட்டும்தான் பிடிக்கும்.

சுவருக்குப் பழைய பரிசோதனை ஒன்று, டி-சைலோஸ். சைலோஸ் ஒரு சர்க்கரை. அதை உள்ளே எடுத்துக்கொள்ளக் கணையமும் வேண்டாம், பித்தமும் வேண்டாம், சுவர் நன்றாக இருந்தால் போதும். வெறும் வயிற்றில் 25 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 5 மணி நேரம் போகிற சிறுநீரை முழுக்கச் சேர்க்க வேண்டும். 4 கிராமாவது வெளியே வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலும் பார்ப்பார்கள், அங்கே டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதிகம் குடித்தால் பேதி ஆகிறது என்று சில இடங்களில் 5 கிராம் மட்டும் கொடுப்பதும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்குச் சிறுநீர்க் கணக்கு பொய் சொல்லும். அவர்களுக்கு ரத்தக் கணக்குத்தான் நம்பிக்கை.

சின்னம்மாவுக்கு இதைச் சென்னையில்தான் செய்தார்கள். அவருடைய தம்பி குடும்பம் 1960களில் கடைகள் தேசியமயமானபோது கப்பலேறிப் போய் வியாசர்பாடியில் குடியிருக்கிறது. ரத்தத்திலும் குறைவு, சிறுநீரிலும் குறைவு. அங்கிருந்த டாக்டர் உடனே முடிவு கட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. காரணம் வேலூரில் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் செல்வின் பேக்கரும் மாத்தனும் அவர்களோடு இருந்தவர்களும் 1960களிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் செய்த ஆராய்ச்சியில், எந்த நோயும் இல்லாத சாதாரண மக்களுக்கே குடலுறிஞ்சிகள் வெள்ளைக்காரர் அளவுகோலுக்குக் கொஞ்சம் குட்டையாகவும், சைலோஸ் கொஞ்சம் குறைவாகவும் இருப்பதைப் பார்த்தார்கள். நம் தண்ணீர், நம் கிருமிகள் செய்கிற வேலை. வளர்ந்த நாடுகளிலிருந்து இங்கே வந்து தங்கியவர்களுக்குச் சில மாதங்களில் அதே மாற்றம் வந்தது. இங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்களுக்கு மெல்ல மெல்லச் சரியானது. எனவே புத்தகத்தில் உள்ள எண்ணைவிடச் சற்றே குறைந்தால் நம் ஊரில் அதை நோய் என்று சொல்லிவிட முடியாது. வெகுவாகக் குறைந்து, மற்றதும் சேர்ந்து நின்றால்தான் பொருள்.

அந்த வேலூர் ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தது, கிராமம் கிராமமாகப் பரவிய ஸ்ப்ரூ என்ற நோய். வெப்பநாடுகளில் நீண்ட பேதியில் தொடங்கி நாக்குப் புண், சோகை, மெலிவு என்று போகும் நோய். இரண்டாம் உலகப் போரில் இந்திய பர்மா போர்முனையில் இருந்த சிப்பாய்கள் நிறையப் பேர் இதில் விழுந்தார்கள். அப்போது சிறுகுடலுக்குள் போகிற எண்டோஸ்கோப் கிடையாது. சுவரைக் கண்ணால் பார்க்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1957இல் அமெரிக்க ராணுவ டாக்டர் கிராஸ்பியும் அவருடைய கூட்டாளியும் ஒரு கேப்ஸ்யூலை அறிமுகப்படுத்தினார்கள். நோயாளி குழாயோடு அதை விழுங்குவார், அது சிறுகுடலுக்குப் போனதும் குழாயை உறிஞ்சினால் உள்ளே ஒரு சின்னக் கத்தி சுழன்று சுவரில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொள்ளும். கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது. இன்றைய எண்டோஸ்கோப்பி அதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் அதிலும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். கேமராவில் சுவர் நன்றாகத் தெரிந்தாலும் நாலைந்து இடத்தில் துணுக்கு எடுக்கச் சொல்ல வேண்டும். குடலுறிஞ்சிகள் குட்டையாவது சில சமயம் கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும். “பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை” என்று துணுக்கு எடுக்காமல் அனுப்பப்பட்டு, பிறகு மறுபடி குழாய் விழுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பத்தியம் கெடுக்கிற பரிசோதனைகளில் மோசமானது கோதுமை சம்பந்தப்பட்டது. சீலியாக் நோயில் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சுவரையே அழிக்கிறது. இதைக் கண்டவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்தில் ரொட்டி இல்லாமல் போனதும் அது வலுத்தது. அதை நிரூபிக்க உதவியது நான் மேலே திட்டிய அதே மலக் கொழுப்புக் கணக்குத்தான். வான் டி காமர் என்ற டச்சு வேதியியலாளர் 1949இல் அளக்கும் முறையைச் சொன்னார், கோதுமையை நிறுத்தினால் குழந்தைகளின் மலத்தில் கொழுப்பு குறைவதை இருவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். டின்னைத் திறந்து அளந்த அந்தப் பெயர் தெரியாத லேப்காரர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத் தேடுவது அது. அரிசி தின்னும் நம் பக்கத்தில் இந்த நோய் அரிது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் டீக்கடையில் பலாட்டா, நான், ஈச்சாக்குவே என்று நாமும் கோதுமைதான் தின்றுகொண்டிருக்கிறோம். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு இந்தப் பரிசோதனைக்கு வந்தால் அது பொய்யாக நார்மல் காட்டும். துணுக்கும் மெல்ல மெல்ல நார்மலாகிவிடும். குறைந்தது 6 வாரமாவது, தினம் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டபடி இருந்தால்தான் நம்பலாம். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அவர்களுக்கு இந்த டெஸ்ட் எத்தனை முறை எடுத்தாலும் நார்மல்தான். சின்னம்மாவுக்கு இதைப் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. அப்பளமும் ரசமும் தின்றவர் என்பதால் பெகுவிலேயே பலாட்டா சாப்பிட ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். அது ஒன்றை மட்டும் அவர் மறுபேச்சில்லாமல் செய்தார்.

மூச்சுப் பரிசோதனை மட்டும் இதற்கு நேர் எதிர். அங்கேதான் பத்தியம் வேண்டும். சிறுகுடலில் ஏறாத சர்க்கரையைப் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் வரும். அது ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். பால் சர்க்கரையோ குளுக்கோஸோ லாக்டுலோஸோ கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பையில் ஊதச் சொல்வார்கள். ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, ஏறினால் அர்த்தம் உண்டு. முந்தின நாள் வெறும் வெள்ளைச் சோறும் முட்டையோ கோழியோ மட்டும். பருப்பு, பயறு, லப்பெட் தோ, வாழைத்தண்டு போட்ட மொஹிங்கா எல்லாம் கூடாது. பெருங்குடலில் அவை நொதித்து ஆரம்ப அளவையே ஏற்றிவிடும். சிகரெட் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிகக் கஷ்டமானது, வெற்றிலை போடக் கூடாது. ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டு 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டால் எதையும் தருகிற ஊரில் இந்த ஒரு நிபந்தனையே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்த மூச்சுப் பரிசோதனையில் பர்மாவுக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது நம்மவர்களுக்கே தெரியாது. ரங்கூன் மருத்துவ ஆராய்ச்சித் துறையின் கின் மௌங் ஊவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து பர்மியக் கிராமக் குழந்தைகளுக்குச் சோறு கொடுத்து மூச்சில் ஹைட்ரஜனைப் பார்த்தார்கள். 1990, 1992 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் அவை. சோறு கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் ஏறிவிடும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம். இங்கே கணிசமான குழந்தைகளுக்கு அந்தச் சோறே சரியாக ஏறவில்லை. ஒரு பகுதியினருக்குச் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருந்தது. சோற்றைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லாத பிள்ளை அந்தச் சோற்றிலும் ஒரு பகுதியை இழந்தால் என்ன வளரும்? எனக்கு அந்தக் கட்டுரைகள் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சியையும்விட முக்கியமாகப் படுகின்றன.

புழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கூட வேலை பார்த்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஒரு தடவை மலம் பார்த்து இல்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஜியார்டியாவும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவும் விட்டு விட்டுத்தான் வெளியே வரும். வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் பார்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். குடலில் ஏதோ அழற்சி என்று ஸ்டீராய்டு எழுதும் முன் இந்தப் புழு இல்லை என்று உறுதி செய்வது மிக அவசியம். ஸ்டீராய்டு கொடுத்தால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் உடம்பெங்கும் பெருகி ஆளையே கொல்லலாம். குடல் டிபியையும் இங்கே எப்போதும் மனசில் வைக்க வேண்டும்.

பேக்கேஜ் விற்கிறவர்கள் வேறு வந்துவிட்டார்கள். நூறு உணவுக்கு எதிராக ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கிறேன், முடியை அனுப்பினால் சத்துக் குறைவு சொல்கிறேன் என்று. ரத்தத்தில் உணவுக்கு எதிரான ஐஜிஜி இருப்பது நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம், நோய்க்கு அடையாளம் இல்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பால், முட்டை, அரிசி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, உண்மையிலேயே மெலிந்துபோய் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் பி12, ஃபோலேட், ஃபெரிட்டின் மூன்றையும் பார்த்துவிட்டு மிச்சத்தில் மீன் வாங்கலாம்.

சின்னம்மாவின் துணுக்கில் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, அழற்சி அணுக்கள் நிறைந்திருந்தன. பி12, ஃபோலேட் இரண்டும் கீழே. புழு இல்லை, ஜியார்டியா இல்லை, டிடிஜி இல்லை, டிபி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஸ்ப்ரூ என்று சொன்னார்கள். அதற்கென்று தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. பி12 ஊசி, தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், மாதக்கணக்கில் டாக்சிசைக்ளின். பி12ஐ விட்டுவிட்டு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் சோகை தேறிவிடும், நரம்பு கெட்டுப்போகும். அதனால் ஊசியை முதலில் போட்டார்கள்.

நாக்குப் புண் முதலில் ஆறியது, அப்புறம் பசி வந்தது. பெரியம்மா இன்னும் ஜவ்வரிசிக் கஞ்சியோடு வந்துகொண்டிருந்தார், சின்னம்மா வாங்கி வைத்துவிட்டுப் பேரனுக்குக் கொடுத்துவிடுவார். இந்த நோய் இங்கேயே இருக்கிறவர்களுக்குத் திரும்பி வருவதுண்டு என்பதால் மருந்து முடிந்த பிறகும் அவ்வப்போது ரத்தம் பார்க்கிறோம். வரும்போதெல்லாம் சொந்த லேபில் கூடவா காசு வாங்குவீர்கள் என்று ஒரு சண்டை உண்டு. கடைசி ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினும் பி12உம் சரியாகிவிட்டன. ஃபெரிட்டின் மட்டும் இன்னும் கீழேதான் நிற்கிறது, இரும்பு மாத்திரை தொடர்கிறது.